இரும்பு ஊசி

"இரும்பு" என்ற சொல் காதில் விழுந்ததும் அண்ணன் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். மரியாதைக்காக எழுந்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டு டாக்டர், "உட்காருங்க, உட்காருங்க" என்றார். மரியாதையாவது மண்ணாவது! அவருக்குக் கோபம் வந்தால் எப்படி எழுந்து நிற்பார் என்று எனக்குத் தெரியாதா?

"ரத்தத்துல போய் யாராவது இரும்பை ஏத்துவாங்களா?" என்றார்.

"ஏத்தத்தான் போறோம். ஊசியா. புது மருந்து வந்திருக்கு."

"வேணாங்க டாக்டர். செவப்புல இரும்பு பட்டா கறுத்துரும்."

டாக்டர் என்னைப் பார்த்தார். அண்ணன் சொன்னதில் தப்பில்லை, சொன்ன இடம்தான் தப்பு.

அவர் என் கூடப் பிறந்தவர் இல்லை. பக்கத்து வீடு. இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர், இந்தப் பக்கம் தும்மினால் அந்தப் பக்கம் கேட்கும். வேலையும் ஒரே சாயப்பட்டறையில்தான். நான் சாயம் ஏற்றிய துணியை அலசிக் கொடியில் போடுகிறவள். அவர் சாயத்துக்கே பொறுப்பு. எந்தத் தொட்டியில் எவ்வளவு தூள், எவ்வளவு சூடு, துணியை எப்போது எடுப்பது, எல்லாம் அவர் வாக்குத்தான். பார்த்த மாத்திரத்தில் நிறத்தின் குறை நிறை சொல்லிவிடுவதால் பட்டறையில் அவருக்குக் 'கண்ணுக்காரர்' என்று பெயர். முதலாளியும் அப்படித்தான் கூப்பிடுவார். சிவப்புத் தொட்டிப் பக்கம் போக வேண்டுமென்றால் நாங்கள் கொண்டை ஊசியைக் கழற்றி வெளியே வைத்துவிட்டுத்தான் போக வேண்டும். ஒரு தடவை வாளியின் இரும்புக் கைப்பிடி கழன்று அந்தத் தொட்டியில் விழுந்து ராத்திரி முழுக்க ஊறிவிட்டது. காலையில் எடுத்த துணியெல்லாம் காய்ந்த புண் மாதிரி இருந்தது. அன்றைக்கு முழுவதும் அவர் சாப்பிடவே இல்லை. அப்படிப்பட்டவரிடம் போய், உன் பெண்டாட்டி ரத்தத்தில் இரும்பை ஏற்றுகிறேன் என்றால்?

டாக்டர் சின்ன வயதுக்காரர், பொறுமைசாலி. ரத்தம் சிவப்பாக இருப்பதே இரும்பினால்தான் என்று விளக்கினார். அண்ணன் நம்பவில்லை. "இருக்கலாங்க. நான் படிக்காதவன்" என்று வாயால் சொன்னார். முகம் வேறு சொல்லிற்று.

இப்போது மாதிரி மாத்திரையைத் தின்றுவிட்டு எழுந்து நடமாடுகிற காலம் இல்லை அது. காசம் என்றால் ஊருக்கு வெளியே மரங்களுக்கு நடுவில் ஓர் ஆஸ்பத்திரி, வரிசையாகக் கட்டில், திறந்த ஜன்னல், முட்டை, பால். அண்ணிக்கு இடது நுரையீரலில் ஓட்டை விழுந்திருந்தது. விலா எலும்பு சிலதை எடுத்துவிட்டு அந்தப் பக்கத்தை அமுக்கிவிட்டால் ஓட்டை மூடிக்கொள்ளும் என்றார்கள். அது ஒன்றுதான் வழி. ஆனால் கத்தி வைப்பதென்றால் உடம்பில் ரத்தம் இருக்க வேண்டும். அண்ணியின் கீழ் இமையை இழுத்துப் பார்த்தால் உள்ளே வெள்ளைக் காகிதம். இரும்பு டானிக் கொடுத்துப் பார்த்தார்கள். பல் கறுத்தது, சாப்பிட்டதெல்லாம் வெளியே வந்தது, ரத்தம் வரவில்லை. அதனால்தான் ஊசி.

கடைசியில் சம்மதம் சொன்னது அண்ணிதான். "போடுங்க டாக்டர். இவர் தொட்டியில போட்ட துணியைத் தவிர வேற எதுக்கும் சம்மதிக்க மாட்டார். நான் துணி இல்லையே" என்றாள். இருமலுக்கு நடுவில் அவளுக்கு அப்படியெல்லாம் பேச வரும்.

அந்த ஊசியைப் பற்றிச் சொல்ல வேண்டும். நாங்கள் போனது சாயங்காலங்களில்தான், அதைப் போடுவது காலையில். ஆனாலும் நர்ஸ் ஒரு நாள் குப்பியைக் காட்டினாள். காய்ச்சிக் காய்ச்சி வற்றிப்போன தேயிலைத் தண்ணீர் மாதிரி ஒரு பழுப்பு. இடுப்புக்குக் கீழே தோலை ஒரு பக்கமாக இழுத்துப் பிடித்துக்கொண்டு உள்ளே இறக்குவார்களாம். ஊசியை எடுத்த பிறகுதான் தோலை விட வேண்டும், இல்லாவிட்டால் மருந்து வந்த வழியே கசிந்து தோலில் கறை பிடித்துக்கொள்ளும். எவ்வளவு இழுத்துப் பிடித்தும் அண்ணிக்குக் கறை பிடித்தது. எலும்போடு ஒட்டிய உடம்பில் இழுக்கத் தோல் எங்கே இருக்கிறது?

"பார்த்தீங்களா நாத்தனாரே, சாயக்காரர் பொண்டாட்டிக்கே சாயம் ஏத்திட்டாங்க" என்று புடவையை லேசாக விலக்கி எனக்குக் காட்டினாள். கையகலத்துக்குப் பழுப்பு.

"வலிக்குதா அண்ணி?"

"உட்காரும்போது உயிர் போகுது. படுத்தா மூச்சு போகுது. நின்னுக்கிட்டே இருக்கலாம்னா கால் இல்லை." சொல்லிவிட்டுச் சிரித்தாள். "அவர்கிட்ட சொல்லிடாதீங்க. ஏற்கனவே இரும்புன்னா பேயைப் பார்த்த மாதிரி பார்க்கிறார்."

அண்ணன் வீட்டில் சமைக்க அவருடைய அக்கா வந்திருந்தாள். எல்லோருக்கும் பெரியக்கா. கைமணம் உண்டு, வாய் மட்டும் மிளகாய். "கட்டிக்கொடுக்கும்போதே சொன்னேன், காத்தடிச்சா சாயுற உடம்புன்னு. யாரு கேட்டா?" என்று அடுப்பிடம் சொல்லிக்கொண்டே ஆட்டு ஈரலை வேகவைத்து, வடிகட்டி, மிளகு தட்டிப் போட்டுத் தூக்குவாளியில் ஊற்றிக் கொடுப்பாள். "அவளைக் குடிக்கச் சொல்லு. குடிக்கலேன்னா நானே வந்து மூக்கைப் பிடிச்சு ஊத்துவேன்னு சொல்லு." எனக்கும் அவளுக்கும் ஒத்துப்போகாது. ஆனால் ஈரல் வாங்க விடியும் முன்பே கடைக்குப் போய் நிற்பவள் அவள்தான் என்பதைச் சொல்லாவிட்டால் என் நாக்கு அழுகிப்போகும்.

பட்டறை முடிந்ததும் அண்ணன் சலவைத் தூளைப் போட்டுக் கையைத் தேய் தேய் என்று தேய்ப்பார். நகக்கண்ணில் சிவப்பு போகவே போகாது. பிறகு நானும் அவரும் பஸ் பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போவோம். பார்வையாளர்களை நாலு மணிக்கு மேல்தான் விடுவார்கள். மர நிழல் எல்லாம் நீண்டு கிடக்கும். மேற்கு ஜன்னல் வழியாக வெயில் வார்டுக்குள் பாதி வரை வந்திருக்கும்.

ஊசி தொடங்கிக் கொஞ்ச நாளில் ஒரு சாயங்காலம் அண்ணன் வாசலிலேயே நின்றுவிட்டார். அண்ணி தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். இரண்டு கன்னத்திலும் சிவப்பு. கண் பளபளவென்று. உதடுகூட நிறம் கட்டியிருந்தது.

"தங்கச்சி" என்று என் கையைப் பிடித்தார். அவர் அப்படிப் பிடிக்கிறவர் இல்லை. "ஏறியிருக்கு. ஏறியிருக்கு பாரு!"

நானும் பார்த்தேன். எனக்கும் அழுகை வந்துவிட்டது. பொய் சொல்வானேன், கல்யாணத்தன்றுகூட அண்ணி அவ்வளவு அழகாக இல்லை. அண்ணன் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அவள் முகத்தை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"என்ன, விலை பேசப் போறீங்களா?" என்றாள் அண்ணி.

"ஆயிரம் கஜம் இருந்தாலும் எடுத்துக்குவேன்" என்றார் அவர். அந்த மனிதருக்கு இப்படி ஒரு வேடிக்கை வரும் என்று எனக்கு அன்றுதான் தெரியும். பக்கத்துக் கட்டில்காரிகள் எல்லோரும் சிரித்தார்கள். அண்ணிக்குச் சிரிப்பு இருமலாகி, இருமல் நிற்க வெகு நேரம் ஆயிற்று.

அதற்குப் பிறகு தினமும் அதே சிவப்புத்தான். அண்ணன் பட்டறையில் எல்லோரிடமும் சொன்னார். கொண்டை ஊசியைக் கழற்ற மறந்த ஒருத்தியை அன்றைக்கு அவர் திட்டக்கூட இல்லை. "இரும்புன்னா கெட்டதுன்னு நினைச்சேன். அது இருக்கிற இடத்தைப் பொறுத்தது" என்றார். பெரியக்கா, "எல்லாம் என் ஈரல் சூப்பு" என்றாள். போகட்டும், ஆளுக்கு ஒரு பெருமை. நர்ஸ் ஒருத்திதான், "ஒரு நாள் காலையில வந்து பாருங்களேன், டாக்டர்கிட்ட சொல்லி விடச் சொல்றேன்" என்றாள். "காலையிலதாம்மா எனக்குத் தொட்டி கொதிக்கிற நேரம். அவளுக்கு என்ன, ராணி மாதிரி இருக்கா" என்று அண்ணன் சொல்லிவிட்டார்.

ஊசிகள் முடிந்த பிறகு டாக்டர் எங்களைக் கூப்பிட்டு உட்காரவைத்தார்.

"ரத்தம் ஏறலைங்க" என்றார்.

அண்ணன் சிரித்தார். "டாக்டர், வேற யாரையோ பார்த்துட்டுச் சொல்றீங்க."

"உங்க மனைவியைத்தான் சொல்றேன். எதிர்க் கட்டில் அம்மாவுக்கு நல்லா ஏறுச்சு. அவங்களுக்கு நோய் அடங்கியிருந்தது. இவங்களுக்கு உள்ள காய்ச்சல் எரிஞ்சுக்கிட்டே இருக்கு. போட்ட இரும்பு எங்கேயும் போகலை, உடம்புக்குள்ளதான் இருக்கு. நோய் அதைப் பூட்டி வச்சுக்குது. ரத்தமா மாற விடலை."

"தொட்டியில சாயம் இருக்கு, துணி வாங்கலை. அதானே சொல்றீங்க?"

"அதேதான்." அவ்வளவு சரியாகப் பிடித்துக்கொண்டாரே என்று டாக்டருக்கு ஓர் ஆச்சரியம்.

"அப்ப அந்தக் கன்னம்?"

"அது காய்ச்சல். சாயங்காலம் ஏறும், முகம் சிவக்கும். ராத்திரி வேர்த்துக் கொட்டி இறங்கிடும். இந்த ரத்தத்தை வச்சுக்கிட்டு ஆபரேஷன் பண்ண முடியாது. மேஜையிலேயே போயிடுவாங்க. இன்னும் இரும்பு போட்டாலும் சேர்ந்துக்கிட்டே போகுமே தவிர உபயோகம் இல்லை. என்னை மன்னிச்சிருங்க. நானும் ரொம்ப நம்பினேன்."

அண்ணன் எழுந்தார். இந்தத் தடவை டாக்டர் உட்காரச் சொல்லவில்லை. "நிறம் பார்க்கிறது என் தொழிலுங்க. உங்க தொழிலை நான் சொல்லலை, என் தொழிலை நீங்க சொல்லாதீங்க" என்று சொல்லிவிட்டு வெளியே வந்துவிட்டார்.

பஸ்ஸுக்கு நிற்கும்போது எனக்குப் பொறுக்கவில்லை. பட்டறையில் வெயில் சாய்ந்த பிறகு அவர் எந்தத் துணிக்கும் சரி சொன்னதே கிடையாது. மஞ்சள் வெயிலில் எல்லாம் சிவப்பாகத்தான் தெரியும், போய்விட்டுக் காலையில் கொண்டுவா என்பார். முதலாளியே வந்து கெஞ்சினாலும் அதுதான் பதில்.

"அண்ணே, நாம பார்த்ததெல்லாம் சாயங்காலம்தானே?" என்றேன்.

அவர் என்னைப் பார்த்த பார்வையை நான் மறக்க மாட்டேன். "உங்க அண்ணி என்ன துணியா? பொண்டாட்டி முகத்தைப் பார்க்கப் புருஷனுக்கு நேரம் காலம் வேணுமா?"

பஸ் வந்தது, ஏறினோம்.

ரயிலில் ஒரு நாள் பயணம் போனால் பெரிய ஆஸ்பத்திரி ஒன்று இருக்கிறது, அங்கே யாருக்கும் ஆபரேஷன் செய்வார்கள் என்று யாரோ அவருக்குச் சொல்லியிருந்தார்கள். அண்ணியை வீட்டுக்குக் கூட்டிவந்து, கொஞ்ச நாள் நன்றாகச் சாப்பிடவைத்து, அங்கே கொண்டுபோவதென்று முடிவு செய்துவிட்டார். டாக்டர் வேண்டாம் என்றார். அண்ணி மட்டும் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. "வீட்டுக்குன்னா உடனே போகலாம்" என்றாள்.

ஒரு சாயங்காலம் வண்டி பிடித்துக் கூட்டிவந்தோம். முன்னறையில் ஜன்னலோரம் கட்டில் போட்டு, தனித் தம்ளர், தனித் தட்டு, துப்புவதற்கு மருந்துத் தண்ணீர் ஊற்றிய மூடி போட்ட டப்பா எல்லாம் வைத்தேன். பெரியக்கா வாசலில் நின்று, "வந்துட்டியா? வா. இனி என் கையில மாட்டினே" என்றாள். சொல்லிவிட்டு உள்ளே போய் மூக்கைச் சிந்தினாள்.

மறுநாள் காலையில் பெரியக்கா சுவரைத் தட்டினாள். போனேன். ராத்திரி வேர்வையில் துணி, விரிப்பு எல்லாம் பிழிகிற மாதிரி நனைந்திருந்தன. இரண்டு பேருமாக மாற்றினோம். அண்ணியைப் புரட்டும்போது என் கையில் கனமே இல்லை. முகத்தைப் பார்த்தேன். சாயம் ஏறாத துணி எத்தனையோ பார்த்திருக்கிறேன், அப்படி ஒரு வெளுப்பைப் பார்த்ததில்லை. உதடு எது, கன்னம் எது என்று தெரியவில்லை.

அண்ணன் உள்ளறை வாசலில் நின்றுகொண்டிருந்தார். பார்த்துவிட்டார் என்று நினைக்கிறேன். சட்டையை மாட்டிக்கொண்டு, "தொட்டி கொதிச்சிருக்கும்" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார். பட்டறை திறக்கவே இன்னும் நேரம் இருந்தது.

அன்றிலிருந்து அவர் விடியும் முன்பே போக ஆரம்பித்தார். இருட்டில் எழுந்து, விளக்குகூடப் போடாமல், பூனை மாதிரி நடந்து போய்விடுவார். வெயில் சாய்ந்த பிறகுதான் வருவார். கையைத் தேய்த்துக் கழுவிவிட்டுக் கட்டிலருகே உட்கார்ந்து, "இன்னிக்கு இன்னும் நல்லா இருக்கே. ரயிலுக்குச் சொல்லியிருக்கேன்" என்பார். அண்ணி அதற்குள் தலை வாரிக்கொண்டு, தலையணையை நிமிர்த்தி, எழுந்து உட்கார்ந்திருப்பாள். அவர் சொல்லும் பட்டறைக் கதைக்கெல்லாம் சிரிப்பாள். அவர் சாப்பிடப் போனதும் சரிந்துவிடுவாள். அந்த ஒரு மணி நேரத்துக்காகப் பகல் முழுக்க அவள் பேசாமல் மூச்சைச் சேர்த்து வைத்துக்கொள்கிறாள் என்று பெரியக்கா சொன்னாள். சொன்ன குரலில் மிளகாய் இல்லை.

"அவனுக்குச் சொல்லேன். உன் பேச்சைக் கேட்பான்" என்றாள் என்னிடம்.

"என் பேச்சைக் கேட்டுட்டுத்தான் மறுவேலை பார்ப்பாராக்கும்!"

ரயில் நாள் நெருங்கிவிட்டது. அண்ணி என்னைக் கூப்பிட்டாள். பகல் நேரம். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

"நாத்தனாரே, என்னை ரயில்ல ஏத்த விடாதீங்க."

"நான் என்ன அண்ணி பண்ணுவேன்?"

"அங்க போய்ச் சேர மாட்டேன். எனக்குத் தெரியும். ஏதோ தெரியாத ஊர்ல, ஒரு பெஞ்சுல, ஆளுங்க சுத்தி நின்னு வேடிக்கை பார்க்க... வேணாம். என் வீட்டுல போறேன். அது ஒண்ணுதான் கேக்குறேன்."

"அவர்கிட்ட நீங்களே சொல்லுங்களேன்."

"சாயங்காலம் சொன்னா நம்ப மாட்டார். காலையில இருக்க மாட்டார்." மூச்சு வாங்கிக்கொண்டு, "நாளைக்குக் காலையில அவரை வெளியே விடாதீங்க. அது போதும்" என்றாள்.

பெரியக்காவிடம் சொன்னேன். "அதை என்கிட்ட விடு" என்றாள்.

மறுநாள் விடியும் நேரத்தில் சுவருக்கு அந்தப் பக்கம் சத்தம் கேட்டது. ஓடினேன். பெரியக்கா வாசற்படியில் குறுக்கே காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள்.

"நகரு அக்கா. நேரமாச்சு."

"என்ன நேரம்? கோழிகூட எழுந்திருக்கலை. என்னைத் தாண்டிப் போயிடு பார்க்கலாம்."

"விளையாடாதே."

"யாருடா விளையாடுறது? பொம்பளை உள்ள சாகக் கிடக்கா. நீ பொழுது வெளுக்கிறதுக்கு முன்னால திருடன் மாதிரி ஓடுறே!"

"அக்கா!" என்று கத்தினார் அண்ணன். தெருவே கேட்டிருக்கும். உள்ளிருந்து, "என்னங்க" என்று ஒரு குரல்.

அண்ணி உட்கார்ந்திருக்கவில்லை. படுத்தபடிதான் இருந்தாள். தலை வாரவில்லை, முடி வேர்வையில் நெற்றியோடு ஒட்டியிருந்தது. "ஜன்னலைத் திறங்க" என்றாள் என்னிடம். திறந்தேன். வெளிச்சம் கொஞ்சம் கொஞ்சமாக வந்துகொண்டிருந்தது. அண்ணன் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"இங்க வாங்க. உட்காருங்க."

உட்கார்ந்தார். தலை குனிந்தபடியே, "நாளன்னிக்கு ரயில். அங்க போனா எல்லாம்..." என்று ஆரம்பித்தார்.

"யாரைக் கூட்டிட்டுப் போறீங்க? சாயங்காலம் சிரிக்கிறவளையா? அவ ஒவ்வொரு ராத்திரியும் வேர்த்துக் கொட்டிப் போயிடுறா. மிச்சம் கிடக்கிறது நான்தான். நானும் உங்க பொண்டாட்டிதானே? என்னையும் பாருங்களேன்."

அவர் நிமிர்ந்தார்.

"என்ன நிறம், சொல்லுங்க. பட்டறையில சொல்ற மாதிரி சொல்லுங்க. பொண்டாட்டியாச்சேன்னு பார்க்காதீங்க."

அவர் அவள் கையை எடுத்து உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார். நகத்தை அழுத்தி விட்டுப் பார்த்தார். கட்டைவிரலால் கீழ் இமையை மெதுவாக இழுத்தார். அந்தச் சிவந்த விரலுக்குப் பக்கத்தில் அவள் முகம் இருந்ததை என்னால் பார்க்க முடியவில்லை, திரும்பிக்கொண்டேன்.

"ஏறலை" என்றார். "ஏறலைம்மா. ஒரு சொட்டுகூட ஏறலை. ஏறவே இல்லை." அப்படியே அவள் வயிற்றில் முகத்தை வைத்து, வாய்விட்டுக் குழந்தை மாதிரி அழுதார். வாசலில் பெரியக்கா தலையில் அடித்துக்கொண்டாள்.

அண்ணி அவர் தலையைத் தடவிக்கொண்டிருந்தாள். அவள் அழவில்லை. "அப்பாடா" என்றாள். "நீங்க எப்ப இதைச் சொல்வீங்கன்னு இருந்தேன்." கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டாள். "இனிமே சாயங்காலம் எழுந்து உட்காரணுமா? வேணாம் இல்லே? நான் படுத்துக்கட்டுமா?"

"படுத்துக்கோம்மா. படுத்துக்கோ."

"ரயில்?"

"இல்லை. எங்கேயும் போகலை."

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். கை மட்டும் அவர் தலைமேல் இருந்தது. பிறகு அதுவும் நழுவி விரிப்பில் விழுந்தது. நான் பதறிப்போய்க் குனிந்து பார்த்தேன். மூச்சு வந்துகொண்டுதான் இருந்தது. தூங்கியிருந்தாள்.

அதற்குள் வெயில் ஏறி ஜன்னல் வழியாக நேரே அவள் முகத்தில் விழுந்தது. கண் கூசி விழித்துக்கொள்ளப் போகிறாளே என்று நான் எழுந்து ஜன்னல் கதவைப் பிடித்தேன்.

"மூடாதே தங்கச்சி" என்றார் அண்ணன், அவள் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்காமல். "நிறம்தான் பார்த்தேன். இவளை இன்னும் பார்க்கலை."